கசிந்த கடவுச்சொல் எங்கே போகிறது?

ஒரு விளையாட்டில் கணக்கு தொடங்கும்போது கடவுச்சொல் கேட்டால், "இது என்ன பேங்க் அக்கவுண்டா?" என்று நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்த ஆறெழுத்தை அடித்துவிட்டு உள்ளே போகிறவர்கள்தான் அதிகம். மைன்கிராஃப்டின் கைப்பேசிப் பதிப்புக்குச் சர்வர்கள் நடத்திவந்த லைஃப்போட் என்ற அமைப்பும் தன் ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய இதையே அறிவுரையாகச் சொல்லியிருந்தது. சின்னதாக, ஆனால் எளிதில் ஊகிக்க முடியாததாக ஒன்று வைத்தால் போதும், இது ஒன்றும் ஆன்லைன் பேங்கிங் இல்லை என்றது. 2016 ஜனவரியில் அங்கிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் விவரங்கள் திருடுபோயின. நிர்வாகம் ஓசைப்படாமல் எல்லோரையும் கடவுச்சொல் மாற்றவைத்தது. ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. ஏப்ரலில் செய்தி வெளியான பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது.

இடைப்பட்ட மாதங்களில், லைஃப்போட்டில் வைத்திருந்த அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தவர்களுக்கு அதை மாற்ற ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆபத்து அங்கேதான் இருந்தது.

விளையாட்டு நிறுவனத்தின் சர்வரை உங்களால் காவல் காக்க முடியாது. அங்கே கசிவு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் ஓரிடத்தில் கசிந்த சொல் இன்னோரிடத்தில் செல்லாமல் பார்த்துக்கொள்வது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதற்கான வழிகளே இந்த அத்தியாயம்.

சர்வரில் உங்கள் கடவுச்சொல் எந்த உருவில் இருக்கிறது?

ஒழுங்கான நிறுவனம் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைக்காது. ஹாஷ் எனப்படும் கணக்கீட்டில் போட்டு, அதிலிருந்து வரும் புரியாத எழுத்துச்சரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தச் சரத்திலிருந்து சொல்லைத் திருப்பி எடுக்க நேர்வழி கிடையாது. அதனால் திருடியவர் வேறு வழியில் போகிறார். ஒவ்வொரு சொல்லாக ஊகித்து, அதற்கு ஹாஷ் போட்டு, திருடிய பட்டியலில் அது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

ஆகவே இரண்டு விஷயங்கள் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, அந்த ஹாஷை எவ்வளவு வேகமாகப் போட முடியும் என்பது. லைஃப்போட் பயன்படுத்தியது எம்டி5. 1991இல் உருவான அந்த முறை வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆட்டம் ஆடுவதற்காக நாம் ஆசையாக வாங்கும் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடி எம்டி5 ஹாஷ்களைப் போட்டுத் தள்ளும். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன சொற்கள் மொத்தம் சுமார் 20,900 கோடி. நொடிக்கு 5,000 கோடி என்று வைத்தாலும் எல்லாவற்றையும் முயன்று பார்க்க ஐந்து நொடி ஆகாது. பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகள் இதற்கு நேரெதிர். வேண்டுமென்றே மெதுவாக இயங்கும்படி அமைந்தவை. வழக்கமான அமைப்பில் அதே கார்டு நொடிக்குச் சில ஆயிரம் ஊகங்களோடு மூச்சு வாங்கும்.

இரண்டாவது, உங்கள் சொல் ஊகப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் கசிந்தன. சமூக வலைத்தளங்களுக்குச் சிறு செயலிகள் தயாரித்த அந்த நிறுவனம் அவற்றை ஹாஷ்கூடப் போடாமல் அப்படியே வைத்திருந்தது. அதில் முதலிடம் 123456க்கு. சுமார் 2,90,000 பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றுவரை கடவுச்சொல் உடைப்பவர்களின் முதல் கருவியாக இருக்கிறது. மனிதர்கள் உண்மையில் எப்படிச் சொல் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. பிடித்த நடிகரின் பட்டப்பெயர், பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு, சாமி பெயரோடு 123 ஆகியவையெல்லாம் ஊகிப்பவர் முதல் சில நிமிடங்களிலேயே தொட்டுவிடும் வகைகள்.

இதோடு சால்ட் என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியான ஒரு சரத்தைச் சேர்த்து ஹாஷ் போடுவது இது. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் ஹாஷ் வேறாக வரும், ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகத்தான் உடைக்க வேண்டும். லைஃப்போட் சால்ட் சேர்க்கவில்லை. ஒரு ஊகத்துக்கு ஒருமுறை ஹாஷ் போட்டால் 70 லட்சம் கணக்குகளோடும் ஒரே வீச்சில் ஒப்பிட்டுவிடலாம்.

எந்த நிறுவனம் எப்படிச் சேமிக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் ஒரு சோதனை உண்டு. "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்துங்கள். புதிதாக வைத்துக்கொள்ள இணைப்பு வந்தால் சரி. உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், அது திரும்பப் படிக்கக்கூடிய உருவில் அங்கே கிடக்கிறது என்று பொருள். அந்தச் சொல் ஏற்கெனவே கசிந்ததாகவே வைத்துக்கொண்டு நடங்கள்.

ஒரு பட்டியல், பல தளங்கள்

உடைக்கப்பட்ட சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இணை இணையாகப் பட்டியலாகின்றன. அந்தப் பட்டியலை ஒரு நிரலிடம் கொடுத்தால் அது வேறு நூறு தளங்களில் அதே இணைகளைப் போட்டு லாக்-இன் செய்துபார்க்கும். ஆயிரத்தில் சில பலித்தாலும் பட்டியல் கோடிக்கணக்கில் இருப்பதால் லாபம்தான். 2017 நவம்பர் முதல் 2019 மார்ச் வரையிலான 17 மாதங்களில் விளையாட்டுத் தளங்கள்மீது மட்டும் இத்தகைய 1,200 கோடி முயற்சிகளைக் கண்டதாக இணையச் சேவை நிறுவனமான அகாமை அறிவித்தது.

2019 செப்டம்பரில் ஸிங்கா நிறுவனத்தின் வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் ஆட்டக்காரர்கள் உட்பட சுமார் 17.3 கோடிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. ஓய்வு நேரத்தில் சொல்லடுக்கி விளையாடுகிறவர்களும், அலுவலகம் போகிறவர்களும் நிறைந்த ஆட்டம் அது. அங்கே இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த மின்னஞ்சலும் சொல்லும் சேர்ந்து வேறெங்கே செல்லும் என்பதுதான் கேள்வி.

2020 ஏப்ரலில் நின்டெண்டோ இதன் மறுபக்கத்தைக் காட்டியது. நின்டெண்டோ நெட்வொர்க் ஐடி என்ற பழைய லாக்-இன் வழியாக சுமார் 1,60,000 கணக்குகளுக்குள் அந்நியர்கள் நுழைந்திருந்தார்கள். ஜூனில் இந்த எண்ணிக்கை 3 லட்சமானது. தங்கள் சேவைக்கு வெளியே எப்படியோ கிடைத்த ஐடிகளும் கடவுச்சொற்களும் பயன்பட்டிருப்பதாக நிறுவனம் சொன்னது. அந்தப் பழைய ஐடிக்கும் நின்டெண்டோ கணக்குக்கும் ஒரே சொல் வைத்திருந்தவர்களின் இருப்புப் பணமும் பதிவுசெய்த கார்டும் தவறாகப் பயன்பட்டிருக்கக்கூடும் என்றும் எச்சரித்தது.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

*1. முதலில் மின்னஞ்சல்.* எந்த விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கையில் இருந்தால் மாற்றிவிடலாம். ஆகவே அதற்கு வேறெங்கும் வைக்காத, நீளமான சொல் வேண்டும். இருபடிச் சரிபார்ப்பும் (5ஆம் குறிப்பைப் பாருங்கள்) இன்றே போடப்பட வேண்டும். விளையாட்டுகளுக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வங்கிக்குக் கொடுத்த முகவரியை கில்டு சர்வரில் கொடுக்க வேண்டிய தேவையில்லை.

*2. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சொல்.* நாற்பது கணக்குக்கு நாற்பது சொற்களை யாராலும் நினைவில் வைக்க முடியாது, முயலவும் வேண்டாம். பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் மேலாளர் செயலியோ, பிரவுசரிலும் கைப்பேசியிலும் உள்ளேயே வரும் வசதியோ அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆட்டத்தின் பெயரைச் சேர்த்து ஒரே சொல்லை மாற்றி மாற்றி வைக்கும் உத்தி பலிக்காது. ஒரு பட்டியலில் அதைப் பார்த்தவர் மற்றதை ஊகித்துவிடுவார்.

*3. நினைவில் வைக்க வேண்டிய இரண்டு மூன்று மட்டும் சொற்றொடராக.* மின்னஞ்சலுக்கும் மேலாளர் செயலிக்கும் ஐந்து சொற்கள் போதும். ஒரு தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் திறந்து, விரல் பட்ட சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'கத்தரி தூண் நண்டு சலவை மேடு' போல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வர வேண்டும். பாட்டு வரி, குறள், படப் பெயர் ஆகியவை கூடாது. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

*4. மாதாமாதம் மாற்ற வேண்டாம்.* கட்டாயமாக அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தக் கட்டாயம் வேண்டாம் என்று சொன்னது. கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

*5. இருபடிச் சரிபார்ப்பு.* கடவுச்சொல் பறிபோனாலும் உள்ளே வர இன்னொரு குறியெண் தேவைப்படும்படி செய்வது இது. எஸ்எம்எஸ் வழியே வருவதைவிட ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் எண் மேல். சிம் கார்டை ஏமாற்றித் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்கிறவர்களுக்கு எஸ்எம்எஸ் போய்விடும். மீட்புக் குறியெண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கைரேகையாலோ திரைப்பூட்டாலோ நுழையும் பாஸ்கீ வசதி இருக்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கசிவதற்குக் கடவுச்சொல்லே இல்லை.

*6. பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டாம்.* 2012 ஆகஸ்டில் பிளிஸ்ஸார்ட் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், வட அமெரிக்க சர்வர்களில் ஆடுகிறவர்களின் பாதுகாப்புக் கேள்விக்கான பதில்களும் போயின. கடவுச்சொல்லை மாற்றலாம். அம்மா பிறந்த ஊரை எப்படி மாற்றுவது? கேட்கும் இடத்தில் சம்பந்தமில்லாத ஒரு சொல்லைக் கொடுத்து, அதையும் மேலாளர் செயலியில் குறித்துவையுங்கள்.

*7. கார்டைச் சேமிக்காதீர்கள்.* 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் பெயர், முகவரி, பிறந்த தேதி உள்ளிட்ட விவரங்கள் அம்பலமாயின. சோனி 20ஆம் தேதி சேவையை நிறுத்தியது, விவரம் திருடுபோனதை 26ஆம் தேதி சொன்னது, மே மாத நடுவில்தான் சேவை திரும்பத் தொடங்கியது. 2013 ஆகஸ்டில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் நடத்தும் ரயட் கேம்ஸ், 2011இல் நடந்த சுமார் 1,20,000 பணப் பரிமாற்றங்களின் பதிவுகளை அந்நியர் எட்டியதாக அறிவித்தது. நீங்கள் மறந்துபோன பழைய டாப்-அப் கூட அவர்கள் சர்வரில் இருக்கும். கிஃப்ட் கார்டு, ஒவ்வொரு முறையும் நீங்களே ஒப்புதல் தரும் யுபிஐ போன்றவற்றால் பணம் கட்டுங்கள். கட்டாயமில்லாத விவரக் கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

*8. கசிந்ததா என்று பாருங்கள்.* ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013 டிசம்பரில் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் இருக்கிறது என்று காட்டும். கடவுச்சொல்லையும் அங்கே சோதிக்கலாம். சொல் முழுதாக உங்கள் கருவியைவிட்டு வெளியே போவதில்லை, அதன் ஹாஷின் முதல் ஐந்து எழுத்துகள் மட்டுமே அனுப்பப்படும்.

நாமே எடுத்துக் கொடுப்பவை

சர்வரிலிருந்து போவதைவிட நம் கையிலிருந்தே போகும் கணக்குகள் ஏராளம். 2015 டிசம்பரில் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதத்துக்கு சுமார் 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னது. ஏமாந்தவர்கள் புதியவர்கள் அல்ல, தொழில்முறை கவுண்டர்-ஸ்டிரைக் ஆட்டக்காரர்களும் பொருள் வியாபாரம் செய்தவர்களும் அதில் இருந்தார்கள் என்றது. ஆட்டத்தில் ஆயுதங்களை அலங்கரிக்கும் ஸ்கின்களுக்கு உண்மையான பணம் கிடைக்கத் தொடங்கியதும் திருடுவது தொழிலாகிவிட்டது. அதன்பின், ஆத்தென்டிகேட்டர் இல்லாதவர்கள் அனுப்பும் பொருள்களை வால்வ் சில நாள் நிறுத்திவைக்கத் தொடங்கியது.

ஏமாற்றும் முறைகளில் அடிக்கடி வருபவை இவை.

"எங்க டீமுக்கு ஒரு ஓட்டு போடுங்க ப்ரோ" என்று நண்பர் கணக்கிலிருந்தே இணைப்பு வரும். அந்த நண்பரின் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும். இணைப்பை அழுத்தினால் ஸ்டீம் லாக்-இன் சாளரம் போலவே ஒன்று தோன்றும். முகவரிப் பட்டைகூட அசல் போலவே இருக்கும். ஆனால் அது அந்தப் பக்கத்துக்குள் வரைந்த படம். பிரவுசருக்கு வெளியே அந்தச் சாளரத்தை இழுத்துப் பாருங்கள். அசல் வெளியே வரும், போலி விளிம்பில் நின்றுவிடும். கடவுச்சொல் மேலாளரும் அங்கே தானாக நிரப்பாமல் சும்மா இருக்கும். அதுவே எச்சரிக்கை.

இலவச டைமண்ட், யூசி போன்ற ஆட்டக் காசு தருவதாகச் சொல்லி ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும் தளங்கள் எல்லாமே போலி. டிஸ்கார்டில் பரிசு என்று சொல்லி கியூஆர் குறியை ஸ்கேன் செய்யச் சொன்னால், அது உங்கள் கணக்கை அவர்கள் கணினியில் திறந்துவிடும் குறியாக இருக்கலாம்.

"மச்சி, ஐடி குடுடா, ரேங்க் புஷ் பண்ணித் தர்றேன்" என்று கேட்பவர் நல்ல நண்பராகவே இருக்கலாம். ஆனால் ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டங்களில் பலர் கூகுள் அல்லது ஃபேஸ்புக் கணக்கு வழியாகத்தான் நுழைகிறார்கள். அங்கே ஐடி கொடுப்பது என்றால் உங்கள் ஜிமெயிலையோ ஃபேஸ்புக்கையோ கொடுப்பது. அடுத்தவரிடம் ஐடி விலைக்கு வாங்குவதும் இதே வம்பு. முதலில் பதிவுசெய்த மின்னஞ்சலை வைத்து விற்றவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும்.

கடைசியாக, சீட் செயலிகள், கிராக் செய்த ஆட்டங்கள், மோட்கள். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் என்ற நம்பகமான இடங்களிலேயே சில மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. பிரவுசர் குக்கிகளையும் டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட் லாக்-இன் விவரங்களையும் அது திருடியது. குக்கி திருடுபோனால் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே வந்துவிடலாம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் எதையும் தொடாதீர்கள்.

பிள்ளைகளின் கணக்கு

2020 அக்டோபரில் அனிமல் ஜாம் என்ற சிறுவர் விளையாட்டிலிருந்து சுமார் 4.6 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன. அதில் பெற்றோர்களின் மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 70 லட்சம். பிள்ளை ஆடுகிறது, முகவரி உங்களுடையது. ஆகவே இது உங்கள் வேலை. பிள்ளைக்குத் தனிச் சிறுவர் கணக்கு வைத்துக் கொடுங்கள். உங்கள் கைப்பேசியிலேயே ஆடினால், ஒவ்வொரு கட்டணத்துக்கும் கைரேகையோ கடவுச்சொல்லோ கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைத்துவிடுங்கள். ஆட்டப் பெயரில் பள்ளி, ஊர், பிறந்த ஆண்டு வேண்டாம். கணக்கு போய்விட்டது என்று பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லாமல் மறைத்தால் இழப்பு பெரிதாகும்.

கணக்கு பறிபோனால்: முதல் ஒரு மணி நேரம்

1. சந்தேகமான கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். மற்ற வேலைகளை வேறொரு கருவியிலிருந்து செய்யுங்கள். தீநிரல் உள்ள கணினியிலேயே புதிய சொல்லை அடித்தால் அதுவும் போகும்.

2. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்பு எண் உங்களுடையதுதானா, அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்று பாருங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள்.

3. விளையாட்டுக் கணக்கிலும் அதையே செய்யுங்கள். ஸ்டீமில் நீங்கள் உருவாக்காத ஏபிஐ கீ (வெளி நிரல்களை உங்கள் கணக்கோடு இணைக்கும் சாவி) இருந்தால் நீக்குங்கள். உள்ளே நுழையவே முடியாவிட்டால் நிறுவனத்தின் அதிகாரபூர்வ உதவிப் பக்கத்துக்கு எழுதுங்கள். பழைய கட்டண ரசீது, பரிவர்த்தனை எண், கணக்கு தொடங்கிய மின்னஞ்சல் ஆகியவைதான் அங்கே சான்று.

4. பணம் போயிருந்தால் வங்கியிடம் சொல்லி கார்டை முடக்குங்கள். இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவுசெய்யுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடும்.

5. கிளான் நண்பர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். உங்கள் பெயரில் அவர்களுக்கு இந்நேரம் இணைப்பு போயிருக்கலாம்.

6. "ஐடியை மீட்டுத் தர்றேன்" என்று காசு கேட்டு வருகிறவர்களை விலக்குங்கள். அது இரண்டாவது ஏமாற்று.

சர்வர் நடத்துகிறவர்களுக்கு

நூறு பேர் ஆடும் சர்வரோ டோர்னமென்ட் பதிவுப் பக்கமோ வைத்திருந்தாலும் மற்றவர்களின் விவரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. கூடுமானவரை கடவுச்சொல்லே வாங்காதீர்கள். டிஸ்கார்ட், கூகுள், ஸ்டீம் லாக்-இன் வசதியை இணைத்துவிடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். 2016 ஜூலையில் டோட்டா 2 ஆட்டத்தின் விவாதக் களத்திலிருந்து 19 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தபோது, அங்கே கடவுச்சொற்கள், சால்ட் சேர்த்திருந்தும், வேகமாக ஊகிக்கக்கூடிய பழைய எம்டி5 உருவில்தான் இருந்தன. முடிந்த டோர்னமென்டின் பதிவுகளை அழித்துவிடுங்கள். இல்லாத விவரத்தை யாரும் திருட முடியாது. அப்படியும் கசிந்தால், என்ன போனது, எந்த உருவில் இருந்தது, வேறு எங்கே மாற்ற வேண்டும் என்ற மூன்றையும் அன்றைக்கே எல்லோருக்கும் எழுதுங்கள். சொல்வதற்குக் கூச்சப்பட்டுக் கழியும் நாள்களில்தான் உங்கள் ஆட்டக்காரர்களின் மற்ற கணக்குகள் போகும்.